தொட்டிலும் தகப்பனும்

முன்னாளில் ஓர் ஆண்மகனிடம் எம்மவர் எதிர்பார்த்தவை சிலவே. நல்ல உத்தியோகம் பார்க்க வேண்டும். தங்கைமாரைக் கரைசேர்க்க வேண்டும். மாதந்தோறும் தாய்தகப்பனுக்குக் காசு அனுப்ப வேண்டும். இவற்றைச் செய்தவன் அடுப்படியை எட்டிப் பார்த்தானா, பிள்ளையைக் குளிப்பாட்டினானா என்று எவரும் கேட்டதில்லை. நோர்வேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இன்று அக்கேள்வி எழுந்திருக்கிறது. கேட்பவர் மனைவி மட்டுமல்லர். இந்நாட்டுச் சட்டமும் கேட்கிறது.

1993 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விவாகச் சட்டம், குடும்பச் செலவும் வீட்டுவேலையும் பிள்ளை வளர்ப்பும் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான பொறுப்பு என்கிறது. அதே ஆண்டு ஏப்ரிலில் தகப்பனுக்கென்றே நான்கு வார லீவு ஒதுக்கப்பட்டது. இடையில் கூடியும் குறைந்தும் வந்த அப்பங்கு 2018ஆம் ஆண்டில் 15 வாரமாயிற்று. தகப்பன் அதை எடுக்காவிட்டால், நோய் முதலிய சில காரணங்களுக்கன்றித் தாய்க்கு மாற்றிக் கொடுக்க இயலாது, வீணாகிவிடும். பிள்ளையோடு தகப்பன் வீட்டில் இருந்தேயாக வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு விதித்திருக்கிறார்கள்.

எம்மவரில் சிலர் இதைச் சும்மா கிடைத்த லீவாகவே கொண்டனர். ஊருக்குப் போய்வரவும் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கவும் அது உதவிற்று.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தனியே வந்திறங்கிய இளைஞர் பலர் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்தவர்கள். ஓர் அறையில் நாலைந்து பேராகச் சமைத்துண்டவர்கள். புட்டும் மீன்குழம்பும் அவர்களுக்குக் கைவந்தவை. ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்த அன்றே அகப்பை கைமாறிவிட்டது! கோயில் திருவிழாவில் முந்நூறு பேருக்குச் சாம்பார் காய்ச்சும் கைகள் வீட்டில் ஒரு தேத்தண்ணி வைக்கவும் அறியா.

ஆயினும் ஆண்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விடலாகாது. பழைய எதிர்பார்ப்புகள் நீங்கிப் புதியவை வரவில்லை. பழையவற்றின் மேலேயே புதியவை ஏறியிருக்கின்றன. இரவில் துப்புரவு வேலை செய்து ஊரிலுள்ள தங்கையின் சீதனத்துக்குக் காசு சேர்ப்பவன், காலையில் பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட வேண்டும். மாலையில் பெற்றோர் கூட்டத்தில் நோர்வேஜிய மொழியில் வாய்திறக்கவும் வேண்டும். களைத்துப் போனேன் என்று சொன்னால் தாய்க்கு வருத்தம், மனைவிக்குக் கோபம், கூட்டாளிகளுக்குச் சிரிப்பு. ஆகவே அவன் சொல்வதில்லை. சொல்லாத அந்தக் களைப்பு சிலரைப் போத்தலிடம் கொண்டுபோய் விட்டதைக் கோயிலுக்கு வரும் பெண்கள் அறிவார்கள்.

ஒஸ்லோவின் குறூருட் பகுதியில் ஓர் இளந்தகப்பன் இரண்டாவது பிள்ளைக்கு 15 வாரமும் எடுத்தார். மனைவி முதியோர் இல்லத்தில் தம் வேலைக்குத் திரும்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தாயாருக்கோ மனம் ஒப்பவில்லை. மகன் பிள்ளைக்குத் துணி மாற்றுவதைக் கண்டால் ஓடிவந்து பறிப்பார். இந்நாட்டு வழக்கப்படி பிள்ளையைப் போர்த்துத் தள்ளுவண்டியில் வெளியே குளிரில் நித்திரை கொள்ள விட்டபோது பெரிய சண்டையே நடந்தது. (இவ்விடயத்தில் தாயார் பக்கம் சேர்வோர் எம்மவரில் அநேகர்.) முதல் இரண்டு வாரமும் பிள்ளை தகப்பன் கையில் வீரிட்டு அழுதது. அவரும் ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். பின்னர் மனைவியிடம் அதைச் சொல்லியுமிருக்கிறார்.

ஆறாம் வாரமளவில், இரவில் விழித்த பிள்ளை தகப்பனைத் தேடத் தொடங்கிற்று. மருமகள் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது தாயார் குசினிக்குள் நின்று மகனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்:

“தம்பி, பிள்ளைக்கு வயிறு இளகிப் போகுது. காலமை என்ன குடுத்தனி?”