உங்களுக்குத் தெரியுமா? ஒரே பண்டம், ஆயிரம் ஆண்டு வியாபாரம்!

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், இமமியா கோயில் வாசலில் இருக்கும் ‘இச்சிவா’ கடையில் கிடைப்பது ஒரே பண்டம்தான்: அபுரி மோச்சி. இடித்த அரிசிப் பசைமாவைக் கட்டைவிரல் அளவு கிள்ளி, வறுத்த சோயா மாவில் புரட்டி, மூங்கில் குச்சியில் குத்திக் கரி நெருப்பில் வாட்டுகிறார்கள். மேலே இனிப்பான வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) குழம்பு. கி.பி. 1000-இல் தொடங்கிய கடை என்பது குடும்ப மரபு. அந்த ஆண்டை ஐயப்படுவோரும், ஒரே குடும்பம் பல நூற்றாண்டுகளாக நடத்தும் கடை இது என்பதை மறுப்பதில்லை.

கோயில் கூட்டம்தானே காரணம் என்று கேட்கலாம். கூட்டம் திருவிழா நாளில் வரும். போரிலும் பஞ்சத்திலும் வராது. அந்த மந்த காலங்களைத் தாண்ட வைப்பவை சொந்த இடம், வீட்டாரின் உழைப்பு, கடன் வாங்கிக் கிளை திறக்காத கட்டுப்பாடு. வளராத தொழில் அழியும் என்பார்கள். ஒசாகாவின் ‘கோங்கோ குமி’ அதற்குப் பதில் சொல்கிறது. 578-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தக் கோயில் கட்டுமானக் குடும்பத் தொழில், 1980-களில் நிலத்தில் பணத்தைக் கொட்டியது. கடன் முற்றி, 2006-இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. கைத்திறன் குறையவில்லை, கடன்தான் வீழ்த்தியது. எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. ஆனால் பழைய ஊர்களின் கடைகளைக் காக்க நினைப்பவர்கள் விருதுகளுக்கு முன்னால் அவற்றின் வாடகையைக் கவனிக்க வேண்டும்.