உங்களுக்குத் தெரியுமா? ரொறன்ரோத் தீவுகளின் பிறந்த வீடு ஸ்காபரோ!

ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதிக்குத் தெற்கே, ஒன்ராறியோ ஏரியோரமாக சுமார் 15 கிலோமீற்றர் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றன ஸ்காபரோ பிளஃப்ஸ் மேடுகள். பார்வைக்குப் பாறை போலிருந்தாலும் பெரும்பாலும் பனியுகம் விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும்தான். அலை அரித்த மணலை நீரோட்டம் மேற்கே இழுத்துச்சென்று நீண்ட மணல்திட்டாகக் குவித்தது. 1858 ஏப்ரலில் அடித்த புயல் அந்தத் திட்டை அறுத்துவிட, அது தீவானது. அங்குள்ள ஜிப்ரால்டர் முனைக் கலங்கரை விளக்கம் 1808இல் கரையோரத்தில் கட்டப்பட்டது. மணல் சேர்ந்து சேர்ந்து இன்று கரையை விட்டு வெகுவாக உள்ளே நிற்கிறது.

குடும்பமாக நடக்க, தீவில் சமதரைப் பாதைகள் உண்டு. ஆனால் கரடுமுரடான கரையின் அழகு வேண்டுமென்றால் என் வாக்கு டோரிஸ் மக்கார்த்தி பாதைக்கே. ஸ்காபரோ மேட்டின் உச்சியில் வாழ்ந்த ஓவியரின் பெயர் கொண்ட இப்பாதை, கிங்ஸ்டன் வீதியருகே தொடங்கி, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு வழியே ஏரிக்கு இறங்குகிறது. கீழே உலோகச் சிற்பமொன்று: ஒருகணம் மீனின் விலா எலும்பாகவும், மறுகணம் தோணியின் சட்டமாகவும் தெரியும். போகும்போது துள்ளி ஓடும் சின்னதுகள் திரும்பி ஏறுகையில் தோளில் தூக்கச் சொல்லும்; தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள்.

மேட்டின் விளிம்பு எந்நேரமும் சரியலாம். படம் எடுப்பதற்காக வேலியைத் தாண்டாதீர்கள். மேட்டின் அடிவாரத்திலும் பிள்ளைகளை ஒதுங்க விடாதீர்கள்.