திரைக்குள் ஒரு புதுச் சட்டை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூர் மார்க்கெட்டில் வாழைப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். என் கைப்பேசிக்கு வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது: ஐந்நூறு ரூபாய் போய்விட்டது. வீடு வந்து சேர்வதற்குள் அதே போல இன்னும் மூன்று செய்திகள். மொத்தம் 2,000 ரூபாய்! யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறி வங்கிக்குப் போன் செய்யப் போனேன். "நான்தாம்ப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான் பதின்மூன்று வயது மகன். பால் வாங்கவும் காய்கறி வாங்கவும் ரகசிய எண்ணைச் சொல்லிக்கொடுத்தது நான்தானே!

எதற்காம் இந்தப் பணம்? ஒரு சட்டைக்கு. அவன் உடுத்தும் சட்டை அல்ல. கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டில் அவனுடைய வீரன் உடுத்தும் சட்டை. அதுவும் கிடைக்கவில்லை. காசு கொடுத்துத் திறந்த பெட்டிகளில் வேறு ஏதேதோ வந்ததாம்.

இந்த விளையாட்டுகளை அறியாத பெரியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 2017-ல் வெளிவந்த ஃபோர்ட்நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் வானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு வெற்றி. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. வேடம், முதுகுப்பை, நடனம் ஆகியவற்றை விற்றே அதை நடத்தும் நிறுவனம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. இவற்றை வாங்கினால் பலம் கூடுமா? கூடாது. பட்டுச் சட்டைக்காரனும் பனியன்காரனும் ஒரே குண்டில்தான் விழுகிறார்கள்.

"அப்புறம் எதுக்குடா?" என்று கேட்டேன். "எல்லாரும் பார்ப்பாங்கப்பா" என்றான். மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கும்பகோணத்தில் இருக்கும் என் அண்ணன் மகனும் இவனும் ஒரே அணி. "ஏண்டா தம்பி, இன்னும் ஓசிச் சட்டையோடயே வர்றே?" என்று அவன் கேட்டுவிட்டானாம். ஃபோர்ட்நைட்டிலும் இதே கதைதான். இனாம் வேடத்தில் வருபவனை 'டிஃபால்ட்' என்று கேலி செய்வது அங்கே வழக்கமாகிப்போனது.

எனக்குக் கோபம் பாதி குறைந்துவிட்டது. தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டையை மஞ்சள் தடவி உடுத்திக்கொண்டு, தெரு முழுக்க ஒரு சுற்று வந்தவர்கள்தானே நாம்? நான்கு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. இந்தப் பிள்ளைகளின் தெரு திரைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

தப்பு கடையில் இருக்கிறது. பல விளையாட்டுகளில் முதலில் ரூபாயைக் கொடுத்து விளையாட்டு நாணயமாக மாற்ற வேண்டும். அதன் பிறகு எது எவ்வளவு என்று பிள்ளைக்குக் கணக்கே புரிவதில்லை. அடுத்தது அதிர்ஷ்டப் பெட்டி. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' விளையாட்டில் 2013 முதல் வண்ணத் துப்பாக்கிகள் வந்தன. பெட்டியைத் திறக்கும் சாவிக்கு ஏறக்குறைய இரண்டரை டாலர். எல்லாரும் ஆசைப்படும் அரிய கத்தி கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது 2017-ல் சீனாவில் வெளியிடப்பட்டது: 0.26 சதவீதம். அதாவது 385 பெட்டிகளுக்கு ஒன்று! காசு வாங்கிக்கொண்டு திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று 2018-ல் பெல்ஜியம் முடிவு கட்டியது. லாட்டரிச் சீட்டில் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்டு 2003-ல் தமிழ்நாடு அதைத் தடை செய்தது நமக்கு நினைவிருக்கிறது. அந்தச் சீட்டுதான் இன்று பெட்டி வேடத்தில் வந்திருக்கிறது.

பெட்டியே இல்லாத கடையிலும் கவனம் தேவை. குழப்பமான பொத்தான்களால் விருப்பமில்லாமலே வாங்க வைத்ததாகவும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்க இடம் கொடுத்ததாகவும் ஃபோர்ட்நைட் நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசு அமைப்பு குற்றம் சாட்டியது. 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சரி, வாங்கிய பொருளாவது நிலைக்குமா? 2025 அக்டோபரில் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் விதி ஒன்று மாறியது. ஐந்து சிவப்பு ரகப் பொருள்களைக் கொடுத்துக் கத்தி பெறலாம் என்றார்கள். பெரும் விலைக்குக் கைமாறிக்கொண்டிருந்த கத்திகளின் விலை மளமளவென்று சரிந்தது. நம் பீரோவில் இருக்கும் பட்டுப் புடவையை யாரும் இப்படிச் செய்ய முடியாது!

விளையாட்டையே நிறுத்திவிடு என்றாள் என் மனைவி. நான் தயங்கினேன். பள்ளியில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம், மாடிப்படியில் மராத்தி என்று வளர்கிற பிள்ளை வாரத்தில் இரண்டு மணி நேரம் வாய் நிறையத் தமிழ் பேசுவது அந்த ஆட்டத்தில் அவன் அண்ணனோடு மட்டும்தான். அதை எப்படிப் பிடுங்குவது?

ஆகவே மூன்று ஏற்பாடுகள் செய்தோம். ரகசிய எண்ணை மாற்றினேன். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி கைப்பேசியை அமைத்தேன். மாதம் நூறு ரூபாய் அவன் கையில் கொடுக்கிறேன். விலை போட்டிருக்கும் பொருளை வாங்கலாம், பெட்டியைத் தொடக்கூடாது. போன 2,000 ரூபாயை ஈடுகட்ட தினமும் கடைக்குப் போய் வருகிறான்.

போன ஞாயிறு அடுத்த அறையிலிருந்து அவன் குரல் கேட்டது. "அண்ணா, பெட்டியெல்லாம் திறக்காதே. 385-க்கு ஒண்ணுதான் விழுமாம்!" அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு பதில் வந்தது: "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடா?"

அன்பர்களே, இன்றைக்கே உங்கள் வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வீரன் என்ன உடுத்தியிருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். வங்கியிலிருந்து செய்தி வருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.