இலவச அனுமதிச் சீட்டும் அதன் பின்னால் நிற்கும் பொறுப்பும்

ஆழ்வார்திருநகரியில் வைகாசி விசாகத்தை ஒட்டி நடைபெறும் திருவிழாவில், நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனங்களில் எழுந்தருள, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் உடன்வரும் ஒன்பது கருடசேவையைக் காண்பதற்கு வீதியில் நிற்கும் எவரும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் நடக்கும் சூரசம்ஹாரமும், தூத்துக்குடித் தெருக்களில் இழுக்கப்படும் பனிமய மாதாவின் தங்கத்தேரும் அவ்வாறே எல்லார்க்கும் திறந்தவை. தாமிரபரணிக் கரையிலிருந்து முத்துக்குளித்துறை வரையிலான மக்களுக்கு இலவசம் என்ற சொல் பெரும்பாலும் இந்தத் திறந்த வீதியையே நினைவூட்டுகிறது. அந்தப் பழக்கத்தின் காரணமாகவே, இலவச நுழைவு வேறு, இலவச அனுமதிச் சீட்டு வேறு என்ற வேறுபாடு அவர்கள் கண்ணுக்கு எளிதில் தென்படுவதில்லை.

சீட்டு என்று ஒன்று அச்சிடப்பட்ட உடனேயே, அதற்கு விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரோ ஒருவர் இருக்கைகளை எண்ணியிருக்கிறார் என்றும், அந்த எண்ணிக்கைக்குள் வந்தவர்க்கு இடம் உண்டு என்று வாக்களித்திருக்கிறார் என்றும், வராதவர்க்கு இடம் இல்லை என்று தீர்மானித்திருக்கிறார் என்றும் பொருள். டோக்கன், பாஸ், அழைப்பிதழ், கைப்பேசியில் வரும் கியூஆர் குறியீடு என வடிவம் எதுவாயினும் இதில் மாற்றமில்லை. இலவசச் சீட்டு கொடையைப் போலத் தோன்றினாலும் அதன் உண்மையான வேலை அளவிட்டு நிறுத்துவதுதான். அளவு என்று ஒன்று வந்துவிட்டால் முந்துவோர், பிந்துவோர், இடைத்தரகர், ஏமாற்றுவோர் ஆகிய நால்வரும் பின்னாலேயே வந்து சேர்கின்றனர். பணம் கொடாமல் பெறுவதைத் தமிழர் ‘ஓசி’ என்பர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் தபால்கள் தபால்தலையின்றிச் சென்றதற்கான முத்திரையிலிருந்து அச்சொல் பிறந்தது என்று கதை சொல்வோரும் உளர். தமிழ்நாட்டரசு 2011க்குப் பின் தன் திட்டங்களுக்கு இலவசம் என்ற சொல்லைத் தவிர்த்து ‘விலையில்லா’ என்று பெயரிட்டது. சட்டத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் பின்னதே துல்லியமான சொல். ஏனெனில் இல்லாதது விலை மட்டுமே, பொறுப்பு அன்று.

இந்தப் பொறுப்பு தவறும்போது என்ன நேரும் என்பதைத் திருப்பதி காட்டியது. 2025ஆம் ஆண்டு வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10 அன்று வந்தது. அன்று தொடங்கிப் பத்து நாள்களுக்குத் திருமலையில் சொர்க்கவாசல் தரிசனம் என்றும், அதன் முதல் மூன்று நாள்களுக்குரிய 1,20,000 இலவச டோக்கன்கள் ஜனவரி 9 காலை 5 மணி முதல் திருப்பதி நகரில் அமைக்கப்பட்ட மையங்களில் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. விடியற்காலையில் கொடுக்கும் ஒன்றை முதலில் பெற வேண்டுமானால் முந்தின நாள் மாலையிலேயே போய் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு ஆயிரக்கணக்கானோர் 8ஆம் தேதி பகலிலேயே கூடினர். பைராகிப்பட்டடை மையத்தருகே பூங்கா ஒன்றில் அடைத்து வைக்கப்பட்டிருந்த கூட்டத்தில் பெண் ஒருவர் உடல்நலம் குன்ற, அவரை வெளியே கொண்டுவரக் கதவு திறக்கப்பட்டது. டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டனர் என்று எண்ணி எல்லோரும் அத்திறப்பை நோக்கிப் பாய்ந்தனர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் உட்பட ஆறு பேர் இறந்தனர். வைகுண்ட ஏகாதசியன்று தொடங்கும் இராப்பத்து விழா நம்மாழ்வாரின் திருவாய்மொழியை முன்வைத்தே நடைபெறுகிறது என்பதையும், ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றும் நிலைத்திருக்கும் சில ஊர்களுள் ஆழ்வார்திருநகரியும் ஒன்று என்பதையும் நினைத்தால், அதே ஏகாதசியின் பேரால் ஒரு தாள்துண்டுக்காக உயிர் போனது இப்பகுதியினர்க்குத் தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது.

இத்தகைய இடங்களில் மரணம் பெரும்பாலும் மிதிபடுவதால் வருவதில்லை. ஒரு சதுர மீட்டருக்குள் ஆறேழு பேர் நெருங்கிவிட்டால் தனிமனிதனின் நடை அவன் வசத்தில் இருப்பதில்லை. கூட்டம் நீரைப் போல அலையடிக்கத் தொடங்குகிறது, மார்பு விரிய இடமில்லாமல் நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறுகிறது. பின்னால் நிற்பவர்க்கு முன்னால் நடப்பது தெரியாது என்பதால் அவர் தள்ளுவதை நிறுத்துவதும் இல்லை. திறக்கும் நேரம், கொடுக்கும் எண்ணிக்கை, முடிந்துவிட்டதா இல்லையா என்ற மூன்று செய்திகளையும் கூட்டத்தின் கடைசி மனிதனுக்கும் எட்டச் செய்வது இதனால்தான் உயிர்காக்கும் ஏற்பாடாகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் வெளியிட்ட கூட்ட மேலாண்மை வழிகாட்டி இவ்வகைத் தகவல் ஏற்பாட்டை வலியுறுத்துகிறது. அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, அதாவது 2025 டிசம்பர் 30க்கு, முதல் மூன்று நாள் டோக்கன்களைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் கணினிக் குலுக்கல் முறைக்கு மாற்றியது. வரிசை என்ற போட்டியே இல்லாமல் போனதால் முந்தி நிற்பதற்கான காரணமும் இல்லாமல் போயிற்று.

பெங்களூருவில் நிகழ்ந்தது இதன் வேறொரு முகம். 2025 ஜூன் 3 இரவு ஐ.பி.எல். கோப்பை வென்ற அணிக்கு மறுநாளே பாராட்டு விழா அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 35,000 பேருக்கு இடமுள்ள சின்னசாமி அரங்கத்துக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டனர். இலவச பாஸ் உண்டு, அதுவும் அளவோடுதான் என்ற அறிவிப்பு பிற்பகல் 3 மணிக்குப் பிறகே வெளிவந்ததாகக் கர்நாடக அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. அதற்குள் மக்கள் வாயில்களில் நெருங்கியிருந்தனர். 11 பேர் இறந்தனர். முதலில் எல்லாரையும் அழைத்துவிட்டுப் பின்னர்ச் சீட்டு என்று சொல்வது, சீட்டே இல்லாமல் விடுவதைக் காட்டிலும் ஆபத்தானது. சீட்டே இல்லாத கூட்டம் பாதுகாப்பானது என்றும் இதற்குப் பொருளன்று. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் கட்டணமின்றி நடந்த விமானப் படைச் சாகச நிகழ்ச்சி நாளில் வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி ஐந்து பேர் உயிரிழந்தனர்.

பணம் கொடாதவருக்கு உரிமை என்ன இருக்கிறது என்ற கேள்வி இவ்விடத்தில் எழுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 மறுபயனை, அதாவது பெறும் சேவைக்கு ஈடாகக் கொடுத்த அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பணத்தை, அடிப்படையாகக் கொண்டே ஒருவரை நுகர்வோர் என்று ஏற்கிறது. கட்டணமின்றி வழங்கப்படும் சேவையை அதன் 2(42) பிரிவு ‘சேவை’ என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிடுகிறது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சிக்குள் நுழைய முடியாமல் திரும்பியவர்கள் சீட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. இலவசச் சீட்டுடன் திரும்புபவருக்குக் கேட்பதற்குப் பணமே இல்லை. சட்டத்தில் உள்ள பெரிய இடைவெளி இது. எனினும் இது முற்றிலும் அடைபட்ட கதவும் அன்று. சிலரிடம் கட்டணம் பெற்று வேறு சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே என்று 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டண இருக்கைகளும் இலவச இருக்கைகளும் கலந்த நிகழ்ச்சிகளுக்கும் அதே தர்க்கத்தை நீட்டி வாதிட இடமுண்டு.

உடலுக்கோ உயிருக்கோ தீங்கு நேர்ந்தால் இந்தச் சிக்கல் எழுவதேயில்லை. ஓர் இடத்துக்கு மக்களை வரவழைப்பவர் அவர்களுக்கு முன்கூட்டி உணரத்தக்க தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவனக்கடமை, நுழைவுக் கட்டணம் வாங்கினாரா என்பதைப் பொறுத்தது அன்று. ஹரியானாவின் டப்வாலியில் 1995 டிசம்பர் 23 அன்று பள்ளியின் ஆண்டு பரிசளிப்பு விழாவுக்கு அழைப்பின் பேரில் வந்த பெற்றோரும் குழந்தைகளும் திருமண மண்டபப் பந்தலில் பற்றிய தீயில் சிக்கினர். 442 பேர் மாண்டனர். அவர்கள் யாரும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் அல்லர். ஆயினும் பள்ளி நிர்வாகமும் அரசுத் தரப்பும் இழப்பீடு வழங்க வேண்டும் என்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2009இல் ஆணையிட்டது. மீரட்டில் 2006 ஏப்ரல் 10 அன்று நுகர்பொருள் கண்காட்சியில் ஏற்பட்ட தீவிபத்து வழக்கில், அமைப்பாளர்கள் 60 விழுக்காடும் அரசு 40 விழுக்காடும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சீட்டின் பின்புறம் ‘எந்த விபத்துக்கும் அமைப்பாளர் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டுவிடுவதால் இந்தக் கடமை தானாகக் கரைந்துபோவதில்லை.

இலவசச் சீட்டைத் தூண்டிலாகப் பயன்படுத்தும் வணிகம் வேறு வகை. பொருட்காட்சி வாயிலிலோ ஜவுளிக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கண்ணாடிப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கும்; பெயர், கைப்பேசி எண், திருமணமானவரா, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்கும் சிறு தாளை நிரப்பி அதில் போட வேண்டும். நான்கு நாள் கழித்து அழைப்பு வரும்: குலுக்கலில் தேர்வாகிவிட்டீர்கள், சினிமாச் சீட்டோ விருந்துச் சீட்டோ தயாராக இருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால்தான் தருவோம் என்று. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற நம்மூர்ப் பெருந்தற்காப்பை முதலிலேயே பறித்துவிட்டு, குளிரூட்டிய அறையில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்து, விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டத்தையோ மனையையோ அன்றைக்கே கையெழுத்திட வைப்பதே அதன் நோக்கம்.

இங்கே சட்டம் வலுவாக நிற்கிறது. விலையில் அடங்கியதை இலவசம் என்று காட்டுவதையும், கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசு அறிவிப்பதையும், பரிசுத் திட்டம் முடிந்த பின் முடிவுகளை வெளியிடாமல் மறைப்பதையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு முறையற்ற வணிகச் செயல் என்கிறது. 2022 ஜூன் மாதத்துத் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்துக்குப் பதிலளிப்பதற்கும் பொருளைப் பெற்றுக்கொள்வதற்கும் ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு எதையும் வாங்கினால் அதை இலவசம் என்று விளம்பரப்படுத்தக் கூடாது. ‘சீட்டு இலவசம், வசதிக் கட்டணம் 99 ரூபாய்’ என்ற வகை விளம்பரத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரை. அந்த அறையில் உறுப்பினர் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டவர் அந்த நொடியிலிருந்து நுகர்வோர் ஆகிவிடுகிறார் என்பது இதில் உள்ள ஒரு நகைமுரண்.

முழு மோசடியில் நிகழ்ச்சியும் இராது, சீட்டும் இராது. கிரிக்கெட் போட்டிக்கோ இசை நிகழ்ச்சிக்கோ இலவச பாஸ் என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு, பத்து பேருக்கு அனுப்பினால்தான் சீட்டு திறக்கும் என்று சொல்லி முதலில் பெறுபவரையே தூதராக்குகிறது. உறவினர் அனுப்பிய செய்தி என்பதால் அடுத்தவர் ஐயப்படுவதில்லை. பின்னர் ஏபிகே என்று முடியும் கோப்பைக் கைப்பேசியில் நிறுவச் சொல்லும். நிறுவியதும் வங்கியின் ஓடிபி குறுஞ்செய்திகள் மோசடிக்காரரின் கண்ணுக்குப் போய்விடும். பரிசுப் பணம் அனுப்புகிறோம் என்று சொல்லிக் கேட்டாலும், பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கோயில் தரிசன முன்பதிவுக்கு ஆதார் கேட்கப்படும் இடங்களிலும் அதைக் கோயிலின் சொந்த இணையதளத்திலோ கவுன்டரிலோ மட்டுமே தரலாம். நகல் கொடுக்க நேர்ந்தால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குச் சிதறுமுன் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். வங்கிக்கும் எழுத்து வழி தெரிவிக்க வேண்டும். வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்தது. ஓடிபியைத் தாமே சொல்லிவிட்டவர், தெரிவிக்கும் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க நேரிடும்; தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது. ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இந்தக் கணக்கில் ரூபாயாக ஏறுகிறது.

வணிகத் தூண்டிலில் சிக்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்; அதில் தீராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டாண்டுகளுக்குள் அணுகலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. நெரிசலிலோ விபத்திலோ பாதிக்கப்பட்ட குடும்பம் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வையோ நாட வேண்டியிருந்தால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் அது கிடைக்கும். ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்தவர் அதற்காகத் தூத்துக்குடி வரைகூடப் போக வேண்டியதில்லை. பக்கத்து ஸ்ரீவைகுண்டம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடமே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவற்றுள் சீட்டு, அது கைப்பேசியில் வந்திருந்தால் அதன் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), அறிவிப்பு வந்த நாளும் நேரமும் தெரியும் செய்தி ஆகியவை முதன்மையானவை. ஆனால் வாயிலில் கிழித்துப் பாதியைத் திருப்பித் தரும் இலவசச் சீட்டைப் பெரும்பாலோர் அரங்கத்துக்குள் நுழையும் முன்பே கீழே போட்டுவிடுகின்றனர்.