பழைய விமானத்துக்குப் புதிய கண்

ஆனி பிறந்து சாரல் இறங்கத் தொடங்கிவிட்டால், கடையநல்லூருக்கு மேற்கே மதில் எழுப்பியதுபோல் நிற்கும் மலைத்தொடர், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சியிலிருந்து அடிவாரம் வரை மேகத்துக்குள் மறைந்து, அங்கே மலை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லாதபடி வானமும் பூமியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்படியொரு மாலையில் கருப்பாநதிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது, மேகத்துக்கு மேலே எங்கோ ஒரு விமானம் திருவனந்தபுரத்தை நோக்கி இரைந்துகொண்டு போயிற்று. வளைகுடா நாடுகளில் பிழைப்புத் தேடியவர்கள் நிறைந்த ஊர் ஆதலால் அந்த இரைச்சல் இங்கே யாருக்கும் அந்நியமானதன்று. உடன் வந்த நெசவாளப் பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “தம்பி, இந்த இருட்டுக்குள்ள மலை அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

பெரிய ஜெட் விமானத்தைப் பற்றியதானால் பதில் பாதி சுலபம். இறங்கும் நேரம் தவிர அது மலையைவிடப் பன்மடங்கு உயரத்தில் போகிறது. ஆனால் தனியாரிடமும் மாநில அரசுகளிடமும் பயிற்சி நிலையங்களிடமும் இருக்கும் சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களின் கதை வேறு. பீச்கிராஃப்ட் கிங் ஏர், பைப்பர் செனெகா போன்ற ஜாதிகளில் முப்பது நாற்பது வருஷம் ஆனவைகூட இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன. 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடம் போன்ற சிகரங்களின் பக்கத்தில், மேகத்துக்குள், இவற்றை ஓட்டிச் செல்லும் விமானியின் மேல்தான் பெரியவரின் கேள்வி தன் முழுப் பாரத்தோடும் விழுகிறது.

பழைய விமானத்தில் அவன் முன்னே இருப்பவை ஆறு வட்ட முகங்கள்: வேகம், உயரம், ஏறும் இறங்கும் விகிதம், திசை, திரும்பும் அளவு, எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகச் செயற்கை அடிவானம். மேகத்துக்குள் புகுந்த மனிதனுக்குத் தன் உடம்பே பொய் சொல்லும். சாய்ந்து திரும்பிக்கொண்டிருப்பவன் நேராகப் போவதாகவே சத்தியம் செய்வான். ஆகையால் அந்தச் செயற்கை அடிவானம் ஒன்றுதான் அவனுக்குப் பிராணன். அதற்குள் இருப்பது ஒரு கைரோ, அதாவது பம்பரம். செனெகா போன்றவற்றில், எஞ்சினோடு இணைந்த ஒரு வெற்றிடப் பம்பு காற்றை உறிஞ்ச, அந்த ஓட்டத்தில் அது சுழல்கிறது. பம்பினுள்ளே உள்ள கரித் தகடுகள் தேய்ந்து ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடலாம். அப்போது பம்பரம் சட்டென்று நின்றுவிடுவதில்லை. மெல்ல மெல்ல வேகம் குறைந்து, அடிவானக் கோட்டை இம்மி இம்மியாகச் சாய்த்துக் காட்டும். அதை நம்பி விமானத்தைச் ‘சரிசெய்கிற’ விமானி, நேராக இருந்ததைத் தானே சாய்த்துவிடுகிறான். உடைந்த கருவியைவிடப் பொய் சொல்லும் கருவி கொடியது. இத்தகைய இரட்டை எஞ்சின் விமானத்தில் எஞ்சினுக்கொன்றாக இரண்டு பம்புகள் இருப்பது ஓர் ஆறுதல்.

இந்த வட்ட முகங்களைக் கழற்றிவிட்டு வண்ணத் திரைகளைப் பொருத்துவதைத்தான் ஏவியானிக்ஸை, அதாவது விமானத்தின் மின்னணுச் சாதனங்களை, புதுப்பிப்பது என்கிறார்கள். சுழலும் பம்பரத்தின் ஸ்தானத்தில், நகக்கண் அளவுள்ள சிலிக்கான் சில்லில் நுண்ணியதாக அதிரும் உணரிகள் வருகின்றன. தேய்வதற்கு அவற்றில் தாங்கியும் இல்லை, தகடும் இல்லை. காற்றழுத்தத்திலிருந்து வேகத்தையும் உயரத்தையும் ஒரு கணினி கணக்கிட, இறக்கைக்குள் வைத்த காந்த உணரி திசையைச் சொல்ல, செயற்கைக்கோளிலிருந்து இருப்பிடம் தெரிய, இவை அனைத்தும் ஒரே திரையில் சேர்கின்றன. உலகத்தின் மேடுபள்ளங்களை நினைவில் வைத்திருக்கும் சாதனம், முன்னால் மலை நெருங்கினால் அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டிக் குரலும் கொடுக்கிறது. பெரியவரின் கேள்விக்கு நேரான பதில் இதுவே.

இதற்கு முன் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். வி.ஓ.ஆர். எனப்படும் தரை வானொலி நிலையங்களைக் கலங்கரை விளக்கம்போலப் பின்பற்றிச் சென்றார்கள்; அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை; மலைக்கு அந்தப் பக்கம் உள்ள திருவனந்தபுரம் இங்கிருந்து காக்கை பறக்கும் தூரத்தில் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டரே என்றாலும், இந்தப் பக்கம் தாழப் பறப்பவனுக்கு மலையே நந்திபோலக் குறுக்கே படுத்துக்கொள்ளும்.

பழைய உடலுக்குப் புதிய கண் வைப்பது எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டக்கோட்டா விமானம் ஒன்றை ராஜீவ் சந்திரசேகர் என்னும் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் 2011-இல் சொந்தப் பொறுப்பில் வாங்கிப் பிரிட்டனில் செப்பனிடச் செய்தார். அவருடைய தந்தை விமானப் படையில் டக்கோட்டா ஓட்டியவர். எஞ்சினும் உடலும் சீர்பெற்றதோடு, திசையறி சாதனங்களும் இக்காலத்துக்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 17 அன்று கவென்ட்ரியிலிருந்து புறப்பட்ட அந்த விமானம், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவூதி அரேபியா, பஹ்ரைன், ஓமன் என்று தங்கித் தங்கி 25-ஆம் தேதி ஜாம்நகரில் வந்து இறங்கிற்று. ‘பரசுராமன்’ என்ற நாமத்தோடு மே 4 அன்று ஹிண்டனில் விமானப் படையில் சேர்ந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதற்படையை ஏற்றிச் சென்ற டக்கோட்டாவின் எண்ணாகிய வி.பி. 905 அதன் வாலில் எழுதப்பட்டிருக்கிறது. அத்தனை ராஜ்யங்களின் ஆகாய எல்லைகளை, அவரவர் இக்கால விதிகளுக்கு உட்பட்டு, எழுபது பிராயம் கடந்த ஓர் உலோக உடல் கடந்து வந்தது என்றால், அதற்கு எஞ்சின் பாதிக் காரணம். புதிய சாதனங்கள் மறுபாதி. பழைய விமானத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதே விவேகம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

செயற்கைக்கோளிலிருந்து இருப்பிடம் தெரியும் என்றேன். நம் பிரதேசத்தில் அதற்கு விசேஷமான ஒரு தடை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். இந்தக் கோட்டுக்கு மேலே, பொழுது சாய்ந்தபின், அயனி மண்டலம் மேலெழும்பிக் குமிழி குமிழியாகக் கலங்கும். அதனூடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞைகள் தாமதப்பட்டும் மினுங்கியும் போய், இருப்பிடக் கணக்கைப் பிசகச் செய்யும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நிர்மாணித்த ‘ககன்’ ஏற்பாடு இந்தத் தாமதப் பிழையைத் திருத்துவதற்கானது. தேசமெங்கும் 15 தரை நிலையங்கள், அவற்றுள் ஒன்று இந்த மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், பிழையை ஓயாது அளந்து அனுப்ப, திருத்தம் கணக்கிடப்பட்டு ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானத்துக்குப் போய்ச் சேர்கிறது. 2015 ஏப்ரலில், இறங்கும்போது உயரத்துக்கும் வழிகாட்டும் தகுதி அதற்கு வழங்கப்பட்டது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இத்தகைய ஏற்பாடு உலகிலேயே முதன்முதலாக நிறைவேறியது இங்கேதான். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானத்துக் கிஷன்கரில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் இதன் துணையால் இறங்கிக் காட்டிற்று. அதுவும் இரட்டை எஞ்சின் விமானமே. விலையுயர்ந்த தரைக் கருவிகள் இல்லாத சிறிய ஓடுபாதைகளுக்கு இது எத்தனை பெரிய அனுகூலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். திரையைப் பொருத்துவது வேலையில் ஒரு சிறு பங்கே. உண்மையான உழைப்பு கருவிப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. பல எஜமானர்கள் கைமாறிய விமானத்தில், ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் சேர்த்த கம்பிகள், எதற்கென்று தெரியாதவையும் உட்பட, சடைபிடித்துக் கிடக்கும். மேலுறை காய்ந்து வெடித்தவையும் விளிம்பில் உராய்ந்து செம்பு தெரிபவையும் இருக்கும். எங்கள் ஊரில் பாவு பிணைப்பவர் இழையோடு இழையாக விரலால் தேடி இணைப்பதுபோல, தொழில்நுட்பர் ஒவ்வொரு கம்பியையும் தொட்டு, அடையாளச் சீட்டிட்டு, வேண்டாததை உருவி எறிய வேண்டும். துணியில் ஓர் இழை மாறினால் கறையாய்த் தெரியும்; இங்கே மாறினால் தெரியாமலே இருந்து மேகத்துக்குள் தெரியவரும். பழைய வானொலிப் பெட்டிகள் கழன்றதால் எடை குறைந்து, ஈர்ப்பு மையமும் இடம்மாறும். விமானத்தை மறுபடி நிறுத்துக் கணக்கிட வேண்டும். ஒரு ஜெனரேட்டர் நின்றுவிட்டால் மற்றொன்று எல்லாச் சாதனங்களையும் தாங்குமா என்று மின்சுமையையும் ஆராய வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஏற்ற வடிவமைப்பின்படிதான் எதையும் செய்யலாம். உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே விமானம் பறக்கலாம். செலவும் நாளும் கேட்கும் இந்தக் கம்பி வேலையைச் சுருக்கி, திரையை மட்டும் பளபளப்பாக்கித் தருவதைப் புதுப்பித்தல் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இசையாது.

அபாயக் குரல் எழுப்பும் சாதனத்தையும் இச்சமயத்தில் மாற்றிவிடுவது அவசியம். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அழைப்பைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் செவிமடுப்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸில் எழும் குரல்தான் பெங்களூர் மையத்துக்கு எட்டும். 2015 ஜூன் மாதம் நம் கடற்கரைக்கு அப்பால் மூன்று வீரர்களோடு காணாமற்போன கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானத்திலிருந்த மற்றொரு வகை அபாயச் சாதனமான ஒலிக்குறியே நீருக்கடியிலிருந்து அழைத்து, நீர்மூழ்கிக் கப்பலுக்கு இடம் சொல்லிற்று. ஆளைக் காப்பாற்ற இயலாவிட்டாலும், காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு பதிலையாவது இத்தகைய சாதனம் தருகிறது.

இத்தனையும் பொருத்தி முடித்தபின் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கண்ணாடிக்கு நடுவே தொங்கும் பழைய காந்தத் திசைகாட்டியை யாரும் கழற்றுவதில்லை. மின்சாரம் முழுதும் போனாலும் அது ஒன்று வடக்கைக் காட்டும். புதிய சாதனங்களின் மின்னோட்டம் அதன் ஊசியைச் சற்றே இழுக்கக்கூடும் ஆதலால், விமானத்தை இரும்பில்லாத வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டுபோய், எஞ்சினையும் சாதனங்களையும் ஓடவிட்டு, முப்பது முப்பது பாகையாக முழுவட்டம் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் பிழையைக் குறிக்கிறார்கள். காந்த நடுக்கோட்டின் அருகில் ஊசி கீழ்நோக்கிச் சாயாமல் மட்டமாக நிற்பதால், வட தேசத்து விமானிகளைத் திருப்பங்களில் ஏமாற்றும் சாய்வுப் பிழை நம் வானத்தில் அநேகமாக இல்லை. குறித்த எண்களைத் தொழில்நுட்பர் தம் கையாலேயே ஒரு சிறு அட்டையில் எழுதி, தேதியிட்டு, லட்சக்கணக்கான ரூபாய் பெறும் திரைகளுக்கு மேலே, அந்தத் திசைகாட்டியின் அடியில் செருகி வைக்கிறார்.