கடைக்கூரையில் சோலர்: கழிவு எங்கிருந்து வருகிறது?

கடை வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணை, சோலர் பூட்டினால் அரசாங்கம் எவ்வளவு தரும்?"

அவுஸ்திரேலிய அரசு காசோலை எழுதித் தருவதில்லை. தகடுகள் தரப்போகும் மின்சாரத்துக்கு எஸ்.ரீ.சி. என்ற சான்றிதழ்கள் கிடைக்கும். மின்சாரம் விற்கும் கம்பனிகள் அவற்றை வாங்கியே ஆகவேண்டும் என்பது சட்டம். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே கணக்குத்தான். ஆனால் 100 கிலோவாற்றைத் தாண்டக்கூடாது.

சிட்னியில் 2026 இல் 30 கிலோவாற் பூட்டினால் 30 × 1.382 × 5, அதாவது 207 சான்றிதழ்கள். அந்த 5, 2030 முடியும்வரை எண்ணப்படும் ஆண்டுகள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்று குறையும். ஒரு சான்றிதழின் விலை சந்தையைப் பொறுத்தது. பொதுவாக 40 டொலருக்கு உட்பட்டே இருக்கும்.

சான்றிதழ் உரிமை முதலில் உங்களுடையது. பூட்டும் கம்பனி விலையில் கழித்துவிட்டு, உரிமையைத் தன் பெயருக்கு மாற்ற ஒரு படிவம் நீட்டும். படிவம் என்றாலே கேளாமல் கையெழுத்து வைத்துப் பழகியவர்கள் நாங்கள். இதில் அது வேண்டாம். எத்தனை சான்றிதழ், என்ன விலை என்று எழுதியிருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டாவது வாசிப்பியுங்கள்.

கடை வாடகைக்கு என்றால் கூரைக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பாவித்த தகடுகளுக்குச் சான்றிதழ் இல்லை. பூட்டுபவர் அங்கீகாரம் பெற்றவராக இருக்கவேண்டும். பூட்டி 12 மாதத்துக்குள் சான்றிதழ் பதியப்படவேண்டும்.