காட்டோரக் கொல்லைகளில் வேலியும் கிணறும்

தர்மபுரி ஜில்லாவில் பாலக்கோடு, பென்னாகரம் தாலுகாக்களின் காட்டோரக் கிராமங்களில், கேழ்வரகு கதிர் முற்றும் காலமும் வாழை தார் விடும் காலமும் குடியானவர்களுக்கு உறக்கமற்ற காலமாகும். ஒரு போகத்து உழைப்பை யானைகள் ஒரு ஜாமத்தில் அழித்துவிட்டுப் போவதுண்டு. இந்த நஷ்டத்தை அற்பமென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் வேலியையும் கிணற்றையும் நாம் நமது சௌகரியம் ஒன்றையே கருதி அமைக்கிறோம். அவ்வழியே இரவில் நடக்கும் பிராணி அந்த வேலியைத் தொடும், அந்தக் கிணற்றின் விளிம்பை மிதிக்கும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் 7-ந் தேதி, மாரண்டஅள்ளியை அடுத்த காளிகவுண்டன் கொட்டாயில், சட்ட விரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு கன்றுகள் தப்பின. அதே மாதம் 18-ந் தேதி கம்பைநல்லூர்ப் பக்கத்தில் ஏரிக்கரை மீது ஏறிய ஆண் யானை ஒன்று, மேலே சென்ற மின்கம்பியில் பட்டு இறந்தது. கம்பியின் உயரத்தைத் தரையிலிருந்து மட்டும் அளந்தால் போதாது. கரைமேல் நிற்கும் யானையின் தும்பிக்கையிலிருந்தும் அளக்கவேண்டும் என்பது அதன்பின் விளங்கியது.

வீட்டு மின்சாரமோ பம்புசெட்டு மின்சாரமோ 230 வோல்ட்டு அளவில் இடைவிடாது பாய்வதால், தொட்ட உடல் கம்பியைவிட்டு விலக இயலாது. யானைக்கு மாத்திரமன்று, விடியற்காலையில் தண்ணீர் கட்டச் செல்லும் நமது பிள்ளைகளுக்கும் கதி அதுவே. சூரிய ஒளியால் நிரப்பப்படும் பாட்டரியுடன் இயங்கும் முறையான கருவியோ, வினாடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் அனுப்பாது. ஒவ்வொரு துடிப்பும் வினாடியின் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்காது. யானை திடுக்கிட்டுப் பின்வாங்க அவகாசம் இருக்கிறது. கொல்லுவதைவிட விலக்குவதே வேலியின் வேலை.

“சோலார் வேலியை யானை மதிப்பதில்லை” என்று பலர் குறை கூறுவர். நான் பார்த்த அத்தகைய வேலிகளில் பெரும்பாலானவற்றில் பழுது கருவியில் இல்லை, தரையில் இருந்தது. கோடையில் மண் காய்ந்துவிட்டால் பூமி இணைப்புக் கம்பி வேலை செய்யாது. யானைக்கு அதிர்ச்சி கிட்டாது. உடனே குடியானவர் கோபங்கொண்டு பம்புசெட்டு மின்சாரத்தை இணைக்கத் துணிகிறார். அவ்விதம் செய்யாமல், ஈரமுள்ள இடத்தில் பூமிக் கம்பிகளை ஆழமாகவும் ஒன்றுக்கு மேற்பட்டும் அடிக்கவேண்டும். மழைக் காலத்தில் கம்பியைத் தொடும் புல்லையும் கொடியையும் வாரம் ஒருமுறை அறுத்துவிடவேண்டும்; இல்லாவிடில் மின்சாரம் அவற்றின் வழியே வீணாகும். புத்திசாலி யானை மரக்கிளையைச் சாய்த்துக் கம்பத்தைத் தள்ளவும் கற்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே வேலிக்குப் பக்கத்தில் முறிந்த மரங்களைக் கிடக்கவிடலாகாது. 2023-ம் வருஷத்திய தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி, காட்டை அடுத்த நிலங்களில் மின்வேலி அமைக்க முன்னதாக வன இலாகா அனுமதி பெறவேண்டும்.

இனிக் கிணறு. 2020-ம் வருஷம் நவம்பர் மாதம் பஞ்சப்பள்ளிப் பக்கத்தில் சுமார் 50 அடி ஆழக் கிணற்றில் ஒரு யானை விழுந்தது. மயக்க ஊசி செலுத்தி, கிரேன் கொண்டு தூக்க ஒரு பகல் முழுவதும் சென்றது. தரைமட்டக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவோர் விளிம்பின் மேலேயே எழுப்புகின்றனர். மனிதன் விழாமலிருக்க அது போதும். யானையின் பாரத்துக்கு விளிம்பு மண்ணே சரியும். எனவே மண்ணின் உறுதிக்கேற்பச் சில அடிகள் தள்ளி, ஆழமான கடைக்காலுடன் சுவரைக் கட்டுவதே உசிதம். சுற்றிலும் முட்புதரை வளரவிட்டால் இருளில் பள்ளமே தெரியாது. நரி, முயல், காட்டுப்பன்றி விழுந்தால் ஏறிவர ஒரு பக்கத்தில் படிகளோ சரிவோ இருப்பின், தூர்வாரும் நமது ஆட்களுக்கும் அதுவே வழியாகும்.

நீரற்றுக் கைவிடப்பட்ட கிணறுகளைக் கிராம நிர்வாக அலுவலர்கள் சர்வே எண் வாரியாகக் குறித்து, கோடை முடியுமுன் மூடச் செய்யவேண்டும். மூட இயலாதவற்றைக் காடு இருக்கும் திசையிலேனும் முதலில் அடைக்கலாம்.